ஊதிவிட்ட திருநீறு

எழுபத்து நான்கு வயது வரை என் மூக்கின் மீது யாரும் கை வைத்ததில்லை. போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மலேசியாவின் குளுவாங் ஊரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், ஒரு மிஸி, அதாவது நர்ஸ், அதற்குள் நீளமான குச்சி ஒன்றை விட்டுச் சுழற்றி எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அழுகை அல்ல என்பதைத் தெரிவித்தேன்.

"தெரியும் ஐயா. எல்லாருக்கும் வரும்" என்றாள்.

எல்லாரோடும் என்னைச் சேர்த்துப் பேசியது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் மூச்சு வாங்கியது. பதில் சொல்ல முடியவில்லை. மூக்கில் பிராணவாயுக் குழாய் மாட்டினார்கள். முதுகுப் பக்கம் கயிறு கட்டும் ஓர் உடுப்பையும் கொடுத்தார்கள். வேட்டியை மட்டும் அவிழ்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதன் மேலேயே அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் டாக்டர் வந்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. முப்பது வயது இருக்கும். பெயர் தேன்மொழி.

"எந்த ஊரம்மா?"

"காஹாங் ஐயா. எஸ்டேட் பிள்ளைதான்."

"யார் வீட்டுப் பிள்ளை?"

"அப்பா பேரு சபாபதி. இப்ப நான் கேள்வி கேக்கலாமா?" என்று பேனாவை எடுத்தாள். "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"இன்னிக்குக் காலையிலதான்."

கட்டிலின் கால்மாட்டில் என் மனைவி சிகப்பி முகமூடியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் அந்தப் பார்வையை நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். பிறகு தன் மடியில் இருந்த வெந்நீர்க் குடுவையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"ஃபுளு தடுப்பூசி போட்டீங்களா?"

"எங்க வீட்ல யாருக்கும் அது தேவைப்பட்டதில்ல."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாள்.

காய்ச்சல் அன்று காலையில் ஆரம்பிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. சிகப்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "கொதிக்குது, நாளைக்கு விசேஷத்துக்கு நீக வர வேண்டாம்" என்றாள். சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வெயிலில் நின்றதால் வந்தது என்றேன். இரண்டு பனடோல் மாத்திரை விழுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் என் சம்பந்தி ரமணனுக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். அவருடைய மகள் விசாலிதான் என் இளைய மகன் திவாகரனின் மனைவி. அங்கேயே தெப்ரா பகுதியில் அவர்கள் வீடு. ஏழு மாதக் கர்ப்பிணி.

இதை வெளியார் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். திவாகரன் கல்யாணத்தன்று மண்டபத்தில் நாற்காலி போட்டவன் செய்த தவறினால் சம்பந்தி ரமணன் இரண்டாவது வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாததுதான் விஷயம். இந்த நிலையில் அவருடைய சாந்திக்கு நான் போகாமல் இருந்தால் அதற்குக் காய்ச்சல் என்றா பெயர் வரும்? தவிர, எங்கள் வீட்டார் முறைக்காரர் விசேஷம் எதற்கும் போகாமல் இருந்ததில்லை. என் தகப்பனார் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு லாயாங் லாயாங்கிலிருந்து ரயிலில் நின்றபடியே ஒரு கல்யாணத்துக்குப் போனவர்.

ஆகவே போனேன். அந்த மண்டபத்தில் வயதில் நான்தான் மூத்தவன். சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் உட்பட எல்லாரும் வரிசையாக வந்து விழுந்து கும்பிட்டார்கள். எல்லாருக்கும் திருநீறு பூசினேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. நெற்றியில் மூன்று விரலால் இட்டு, இடது கையால் கண்ணை மறைத்து, உதிரும் தூள் கண்ணில் விழாதபடி மூன்று முறை ஊதிவிட வேண்டும். என் தகப்பனார் அப்படித்தான் ஊதுவார். நானும் அப்படித்தான். விசாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியப் போனாள். வேண்டாம் என்று தடுத்து, நின்றபடியே பூசி ஊதிவிட்டேன்.

இதையெல்லாம் அந்தக் காஹாங் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? என் பெயரைப் போட்டு, சொக்கநாதன் வீட்டார் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு நோயைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு தாளில் எழுதி, கட்டிலில் தொங்கவிடுவார்கள்.

கால் மணி நேரத்தில் அந்த மூக்குக் குச்சியின் முடிவு வந்தது. "நெகட்டிவ்" என்றாள் டாக்டர்.

"நான் சொன்னேனே" என்றேன். "வெறும் சளிதான்."

"அப்படி இல்ல ஐயா. இது அவசரத்துக்குப் பாக்குற டெஸ்ட். கிருமி இருந்தாலும் சில சமயம் காட்டாது. இருக்குன்னு சொன்னா நம்பலாம். இல்லைன்னு சொன்னா நம்பக் கூடாது. உங்க வயசு, உங்க மூச்சு, எக்ஸ்ரேல வலது பக்கம் நுரையீரல்ல சளி. இதெல்லாம் பாத்தா ஃபுளு மாதிரிதான் இருக்கு. ஜொகூர் முழுக்க இப்ப அதான். மருந்தை இப்பவே ஆரம்பிக்கிறோம். லேப் டெஸ்ட் முடிவு நாளைக்கு வரும்."

"முடிவு வந்த பிறகு ஆரம்பிச்சா என்ன?"

"இந்த மருந்து சீக்கிரம் குடுத்தாத்தான் நல்லா வேலை செய்யும். முதல் ரெண்டு நாளுக்குள்ள குடுத்தா ரொம்ப நல்லது. உங்களுக்கு இன்னிக்குக் காலையிலதானே ஆரம்பிச்சுச்சு?" என்று என்னை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தாள். "ஒரு நாள் காய்ச்சலுக்கு நெஞ்சு இவ்வளவு அடைச்சிருக்கே."

நான் சுவரைப் பார்த்தேன். மருந்தின் பெயரை அவள் சொன்னாள், ஒசெல்டாமிவிர். ஒரு குளிகைக்கு இவ்வளவு நீளமான பெயர் தேவையில்லை.

ஃபுளு நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு பகுதி. என்னோடு ஐந்து கட்டில். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சிகப்பியை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். போகும்போது, "இந்த வீட்டு மானத்துக்காக நான் வாயத் தொறக்கல. நீகளாத் தொறந்தா நல்லது. சொல்லிக்கிறேன்" என்றாள். எங்கள் வீட்டில் போகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை. சொல்லிக்கிறேன் என்பதே விடைபெறும் வார்த்தை. அன்று அதற்கு வேறு அர்த்தமும் இருந்ததாக எனக்குப் பட்டது.

பக்கத்துக் கட்டிலில் விஜயன் என்பவர். லாயாங் லாயாங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். ஐம்பது வயது, இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உண்டு. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, உங்களுக்கு எத்தனாவது நாள்?"

"ரெண்டாவது."

"எனக்கு ஏழு. வியாழக்கிழமையே காய்ச்சல். அதோட ரெண்டு நாள் லோரி ஓட்டினேன். டாக்டர் கேட்டாங்க, சொல்லிட்டேன். செம திட்டு. திட்டு வாங்கினா என்ன லா, காய்ச்சலா ஏறப் போவுது? குறையத்தானே செஞ்சுச்சு."

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு டாக்டர் தேன்மொழி வந்தாள். லேப் முடிவு கையில் இருந்தது. இன்ஃபுளுவன்சா ஏ. நேற்று இல்லை என்றது, இன்று இருக்கிறது என்கிறது.

"காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள்லேருந்தே இது மத்தவங்களுக்குப் பரவும். உங்களுக்கு நேத்துக் காலையிலன்னா, திங்கக்கிழமையிலேருந்துன்னு வெச்சுக்கலாம். திங்கக்கிழமை யார் யாரைப் பாத்தீங்க?"

"என் மனைவிய மட்டும்."

"அம்மாவுக்கு வயசு எழுபது, ரத்த அழுத்தமும் இருக்குன்னாங்க. அவங்களுக்கு முன்கூட்டியே மருந்து குடுத்துடுறோம். வேற யாரும் இல்லையே? சின்னப் பிள்ளைங்க, ஆஸ்துமாக்காரங்க, மாசமா இருக்கிறவங்க?"

"திங்கக்கிழமை யாரும் இல்ல" என்றேன். அது உண்மை. திங்கட்கிழமை யாரும் இல்லை.

அவள் போனதும் விஜயன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "விசேஷத்துக்குப் போய்ட்டு வந்தீங்களாமே, ஞாயித்துக்கிழமை. அம்மா நேத்து வாசல்ல மிஸிகிட்ட சொல்லிட்டு இருந்தாங்க. செட்டியார் வீட்டு விசேஷம்னா சாப்பாடு பிரமாதமா இருக்குமே?"

"இருக்கும். காஹாங் அர்ச்சுனன் சமையல். வெள்ளப் பணியாரம், கவுனி அரிசி, எல்லாம் உண்டு."

"கவுனி அரிசி எப்படி? தேங்காயும் நெய்யும் வாசனை தூக்குமாமே."

"எனக்கு வாசனையே தெரியல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. விஜயன் கரண்டியை வாயருகே நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமையே மூக்கு அடைச்சிருச்சா ஐயா?"

"நெய் மட்டமா இருந்திருக்கும்" என்றேன். அர்ச்சுனன் நெய்யில் குறை வைப்பவன் அல்ல. ஒரு பொய்யைக் காப்பாற்ற அவனுடைய நெய்யையும் இழுக்க வேண்டியதாயிற்று.

விஜயன் பெருந்தன்மையாகக் கஞ்சிக்குத் திரும்பினார். ஆனால் சிரித்தார் என்பதை அவர் தோள் காட்டியது.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சிகப்பி தொலைபேசியில் அழைத்தாள்.

"விசாலிக்கு நேத்து ராத்திரியிலேருந்து காய்ச்சலாம். உடம்பெல்லாம் வலிக்குதாம். இருமுறா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "டாக்டர்கிட்ட போனாளா?"

"காலையில பக்கத்துக் கிளினிக்குக்குத் திவாகரன் கூட்டிட்டுப் போனான். மூக்குல குச்சி விட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாம். ஃபுளு உள்ளவங்க யாரு கூடவாவது இருந்தியான்னு கேட்டிருக்காங்க. மாமாவுக்கு நேத்துத்தான் வந்துச்சு, நான் அவங்களப் பாத்தது ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருக்கா. அப்ப அது இல்ல, விசேஷத்துல நின்ன அசதின்னு பனடோல் குடுத்து அனுப்பிட்டாங்க. குறையலன்னா வரச் சொன்னாங்களாம்."

கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சம்மந்தி வீட்ல என்ன சொல்றாக தெரியுமா? சமையல் அர்ச்சுனன் தும்மிக்கிட்டே பரிமாறினானாம். அவன்கிட்டேருந்துதான் பரவியிருக்கும்னு அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாகளாம்." குரலைத் தாழ்த்தினாள். "நீகளாத் தொறக்குறீகளா, நான் தொறக்கவா?"

இல்லை என்று சொன்னால் நம்பக் கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தபடியே இருந்தது. அவள் சொன்னது குச்சியைப் பற்றி. நான் நினைத்தது வேறொன்றை. அந்தக் கிளினிக் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகவே கேட்டிருக்கிறார். விசாலியும் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள். தப்பான விடை என்னிடமிருந்து புறப்பட்டு, குளுவாங்கிலிருந்து தெப்ராவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரெண்டு நாளுக்குள்ள குடுத்தா நல்லது. அதில் பாதி நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

மணியை அழுத்தினேன். மிஸி வந்தாள்.

"டாக்டரைக் கூப்பிடும்மா."

"மூச்சு முட்டுதா ஐயா?"

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. அது போய்ச் சேந்த இடம்தான் பிரச்சினை."

டாக்டர் தேன்மொழி ஐந்து நிமிடத்தில் வந்தாள். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தேன். "நான் உங்ககிட்ட ஒரு தேதிய மாத்திச் சொல்லிட்டேன். காய்ச்சல் சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சுது."

அவள் முகம் மாறவில்லை. "சனிக்கிழமை. அப்ப நேத்து நாலாவது நாள்" என்றாள். "நேத்தே நெனச்சேன் ஐயா. உங்க எக்ஸ்ரே உங்கள விட உண்மை பேசிச்சு."

பக்கத்துக் கட்டிலில் விஜயன் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டு விசேஷத்துல இருந்தேன். என் மருமக ஏழு மாசம். அவளுக்கு இப்ப காய்ச்சல். கிளினிக்ல டெஸ்ட் நெகட்டிவ்னு சொல்லி அனுப்பிட்டாங்க, நான் சொன்ன தேதிய நம்பி."

அவள் உடனே எழுதுவதை நிறுத்தினாள். "அவங்க பக்கத்துல எவ்வளவு நேரம் இருந்தீங்க? எவ்வளவு கிட்ட?"

சொல்லிப் புரியவைப்பதை விடச் செய்து காட்டுவது எளிது. காற்றில் ஒரு நெற்றியை வைத்து மூன்று விரலால் பூசினேன், இடது கையால் கண்ணை மறைத்தேன், ஊதினேன். பிராணவாயுக் குழாய் ஆடியது. டாக்டர் இரண்டு அடி பின்னால் போனாள்.

"மூணு தடவையா?"

"எங்க வீட்டு முறை."

"மூஞ்சிக்கு நேரா?"

"வேற எங்க ஊதுறது?"

"எத்தனை பேருக்கு ஐயா?"

"நாற்பத்தோரு பேருக்கு."

"அலமாக்" என்று அலறியது விஜயனின் போர்வை.

டாக்டர் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா என்று முகமூடியால் தெரியவில்லை. "மருமக நம்பரைக் குடுங்க. முதல்ல அது."

திவாகரனோடு அவளே பேசினாள். பக்கத்தில் இருந்து கேட்டேன். "உங்க அப்பாவுக்கு இன்ஃபுளுவன்சா ஏ உறுதி. ஞாயித்துக்கிழமை உங்க வைஃபோட மொகத்துக்கு நேரா ஊதியிருக்காரு. ஆமா, ஊதியிருக்காரு. டெஸ்ட் நெகட்டிவ்னாலும் பரவாயில்ல. மாசமா இருக்காங்க, காய்ச்சல் இருக்கு, காண்டெக்ட் இருக்கு. மருந்து ஆரம்பிக்க இது போதும். இப்பவே ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் லெட்டர் அனுப்புறேன். நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க."

பிறகு என்னிடம், "மத்த நாற்பது பேர்ல யாருக்கு வயசு அதிகம், யாருக்கு என்ன வியாதின்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இது என்ன கேள்வி? வரிசைப்படி சொன்னேன். யார் எந்தக் கோயில் பிரிவு, யார் எத்தனாவது பிள்ளை, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு இதயத்தில் குழாய் வைத்தது, யார் கைக்குழந்தையோடு வந்தாள் என்று ஒருவரும் விடாமல் சொன்னேன். அவள் கை வலிக்க எழுதினாள்.

"உங்கள மாதிரி நோயாளி எனக்குக் கிடைச்சதே இல்ல ஐயா" என்றாள். "ஒரே ஒரு தேதிதான் உங்களுக்குத் தகராறு."

அவர்களுக்குத் தெரிவிக்கும் வேலையை மிஸிகளுக்கு விட எனக்கு மனமில்லை. கைபேசியில் குடும்பக் குழுவில் ஒரு விரலால் தட்டினேன். 'ஞாயிற்றுக்கிழமை சாந்தியில் என்னிடம் திருநீறு பெற்ற நாற்பத்தோரு பேருக்கும் சொக்கநாதன் எழுதிக்கொள்வது. எனக்குச் சனிக்கிழமையே காய்ச்சல் இருந்தது. அது ஃபுளு. மறைத்தது என் தவறு. காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் இந்தச் செய்தியை டாக்டரிடம் காட்டவும். சமையல்காரர் அர்ச்சுனன் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவருடைய நெய்யும் நல்ல நெய்.'

கடைசி வரி யாருக்கும் புரிந்திருக்காது. விஜயனுக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்குப் புரிந்தது.

முதல் பதில் பினாங்கிலிருந்து வந்தது: 'அப்ப என் இருமல் உங்களதா பெரியப்பா?' அதற்கு நான் பதில் போடவில்லை.

அர்ச்சுனனை நானே அழைத்தேன். "தும்மினேன் ஐயா, இல்லைன்னு சொல்லல" என்றான். "மிளகாய் வறுத்தா எல்லாரும்தான் தும்முவாங்க. அதைச் சொன்னா கேக்க ஆள் இல்ல." மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போய் அடுத்த விசேஷத்துக்குத் தேதி கேட்டான்.

மிச்சம் இருந்தது சம்பந்தி. மாலை ஐந்து மணிக்கு அழைத்தேன். அவர் ஏற்கெனவே மகளோடு மருத்துவமனையில் இருந்தார்.

"சம்பந்தி, என்னால வந்தது" என்றேன். "மேடையில வெச்சுத் திட்டினாலும் வாங்கிக்கிறேன்."

அவர் வார்டுக்கு வெளியே நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ரமணன் சொன்னார்: "நீங்க வராம இருந்திருந்தா நான் கோவிச்சுக்கிட்டிருப்பேன். அது எனக்கே தெரியும்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "அந்த ரெண்டாவது வரிசைய நான் மறக்கலதான்."

"நாற்காலி போட்டவன் செஞ்சது."

"தெரியும். இப்ப மறந்துட்டேன். விசாலிக்கு முதல் குளிகை குடுத்துட்டாங்க. பிள்ளை நல்லா உதைக்குதாம். நீங்க மொதல்ல உங்க நெஞ்சப் பாத்துக்குங்க."

போனை வைத்தேன். விஜயன் தன் பக்கத்துத் தண்ணீர்ப் போத்தலை என் மேசையில் வைத்தார். "குடிங்க ஐயா. ரொம்ப நேரம் பேசிட்டீங்க."

விசாலிக்கு இரண்டு நாள் கடுமையாக இருந்தது. இரண்டாவது லேப் சோதனை இன்ஃபுளுவன்சா ஏ என்றது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மற்ற நாற்பது பேரில் எட்டுப் பேர் படுத்தார்கள். எட்டுப் பேரும் எழுந்தார்கள். எனக்குப் பிராணவாயுக் குழாயை வெள்ளிக்கிழமை எடுத்தார்கள்; ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் தேன்மொழியிடம், "சொல்லிக்கிறேம்மா" என்றேன்.

"சொல்லுங்க ஐயா" என்று பேனாவை எடுத்தாள். "இன்னும் ஏதாவது தேதியா?"

தீபாவளி அன்று காலை திவாகரனும் விசாலியும் வந்தார்கள். சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் பின்னாலேயே வந்து முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எங்கள் கூடத்தில் இருப்பது ஒரே வரிசைதான். விசாலி எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவையில் என் முன்னால் வந்து நின்றாள். குனிய வேண்டாம் என்றேன். நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இட்டேன். இடது கையால் கண்ணை மறைத்தேன்.

அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். கூடமே காத்திருந்தது. சிகப்பி கையில் இருந்த பலகாரத் தட்டோடு நின்றுவிட்டாள்.

"மாமா, ஊதலையா?"

நான் வாயை இறுக மூடிக்கொண்டு, சுவரோரம் சுற்றிக்கொண்டிருந்த மேசை விசிறியைக் கையால் காட்டினேன்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ. அது மூணு தடவைக்கு மேலயே ஊதும்."